பிரித்தானியாவில் லொறி, கோச் லைசன்ஸ்: காசு கட்டும் முன் இதை ஒருமுறை வாசியுங்கள்

பெற்றோல் நிலையக் கல்லாவில் 11 வருடம் நின்றுவிட்டு 43 வயதில் லொறி ஓட்டப் போனவன் நான். கனரக லைசன்ஸ் கைக்கு வர 14 மாதம் பிடித்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும் அலுவல். மிச்ச மாதங்களும் 800 பவுண்டுக்கு மேற்பட்ட காசும், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாததால் போனவை. ஓட்டத் தெரியாமல் இழந்தது ஒரே ஒரு பரீட்சைக் கட்டணமும் அன்றைய வண்டி வாடகையும்தான்.

நான் பட்டது உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் வரிசைப்படி எழுதுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். வட அயர்லாந்தில் அலுவலகமும் கட்டணமும் வேறு. கீழே உள்ள தொகைகளைக் கட்டுவதற்கு முன் அரசாங்கத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள், அவை மாறக்கூடியவை.

1. எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள்

லொறியில் மூன்று வகை. 3.5 தொன்னிலிருந்து 7.5 தொன் வரை சி1. அதற்கு மேல் போகும் ஒற்றை லொறிக்கு சி. பின்னால் பெரிய ட்ரெய்லர் பூட்டி இழுக்க சிஈ. பயணிகள் பக்கம் 16 பேர் வரைக்கும் டி1, பெரிய பஸ், கோச் எல்லாவற்றுக்கும் டி.

முதலில் சி எடுத்து, பிறகுதான் சிஈ எடுக்கலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2021 நவம்பர் 15 முதல் அந்தக் கட்டாயம் இல்லை, கார் லைசன்ஸிலிருந்து நேரே சிஈக்குப் போகலாம். காசு மிச்சம்தான். ஆனால் வாழ்க்கையில் வானைக்கூட ஓட்டிப் பழகாதவர் ட்ரெய்லர் றிவேர்ஸில் தொடங்கினால் மறுபரீட்சைக்கே அந்த மிச்சம் போய்விடும். நான் சி எடுத்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

1997 ஜனவரி 1க்கு முன் இங்கே கார் லைசன்ஸ் எடுத்தவர்களின் கார்ட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் சி1, டி1 ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு ஓட்டப் போக முடியாது, சிபிசி என்ற தொழில் தகுதியும் வேண்டும். அது கீழே வருகிறது.

ஊரில் கனரக லைசன்ஸ் வைத்திருந்தேன், மாற்றித் தருவார்களா என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். மாட்டார்கள். இலங்கை, இந்திய லைசன்ஸ்களை இங்கே மாற்ற முடியாது, ஊரில் 20 வருடம் பஸ் ஓட்டியவரும் இங்கே காரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எடுத்த லைசன்ஸோடு வந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கார் லைசன்ஸை ஓட்டோமாற்றிக்கில் மட்டும் எடுத்திருந்தால், ஓட்டோமாற்றிக் லொறியில் பாஸ் பண்ணினாலும் ஓட்டோமாற்றிக் லொறிக்கு மட்டும்தான் அனுமதி. கார் மனுவலில் எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை, ஓட்டோமாற்றிக் லொறியில் பாஸ் பண்ணினாலும் மனுவலும் சேர்ந்தே வரும். இப்போது ஓடும் லொறிகளில் பெரும்பாலானவை ஓட்டோமாற்றிக் என்பதால் இதற்காகத் தலையை உடைக்க வேண்டாம், தெரிந்து வைத்திருங்கள்.

2. மெடிக்கலும் இரண்டு படிவங்களும்

எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது இது. பயிற்சிப் பள்ளிக்கு ஒரு பென்ஸ்கூடக் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் உடம்பு பாஸாகாவிட்டால் மற்ற எதுவும் இல்லை.

லைசன்ஸ் கொடுக்கும் அரசாங்க அலுவலகமான டிவிஎல்ஏயிடம் இருந்து டி2, டி4 என்று இரண்டு படிவம் எடுக்க வேண்டும். டி2 நீங்கள் நிரப்புவது. டி4 டொக்டர் நிரப்புவது. கார் லைசன்ஸில் கனரக வகையைத் தற்காலிகமாகச் சேர்ப்பதற்கு டிவிஎல்ஏ காசு கேட்பதில்லை. டொக்டர் கேட்பார். என் ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், 140 பவுண்ட் கேட்டார். லொறி மெடிக்கல் மட்டும் செய்யும் தனியார் இடத்தில் 60க்கு முடிந்தது. பதிவு பெற்ற எந்த டொக்டரும் செய்யலாம், உங்கள் ஜிபிதான் வேண்டும் என்றில்லை.

டி4ல் கண் பகுதி தனியாக வரும். நான் விழுந்த குழி அதுதான். கண்ணாடி போடுபவரென்றால் அந்தக் கண்ணாடியின் பவரையும் எழுத வேண்டும். டொக்டர் எழுத்துப் பலகையை வாசிக்க வைத்துவிட்டு, பவர் கேட்கும் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டார். நானும் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து முழுக் கட்டும் திரும்பி வந்தது. டொக்டர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நான் இரவு வேலையோடு அலைந்து திரிந்ததில் அந்த நாலு மாதமும் ஓடிவிட்டது. திரும்பவும் 60.

அதனால் கண் பகுதியைக் கண்ணாடிக் கடையிலேயே செய்வித்து, டொக்டரிடம் மற்றதைச் செய்வியுங்கள். பிறகு அந்த இடத்தில் வைத்தே பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். வெறும் பெட்டி ஒன்று இருந்தாலும் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். பார்வை அளவு, கண்ணாடியோடு நல்ல கண்ணில் 6/7.5, மற்றக் கண்ணில் குறைந்தது 6/60 இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று பிரஷர். 180க்கு 100 என்ற அளவை எட்டி அங்கேயே நின்றால் ஓட்ட விட மாட்டார்கள். நான் இரவு வேலை முடித்து, கோப்பி குடித்து, படியேறிப் போய் இருந்ததும் கையில் பட்டியைக் கட்டினார், 184க்கு 102. டொக்டர் நல்ல மனிசன். பத்து நிமிடம் பேசாமல் இருக்க வைத்து மறுபடி எடுத்தார், இன்னொரு பத்து நிமிடம் கழித்து மூன்றாம் முறையும் எடுத்தார், 158க்கு இறங்கியது. லீவு நாளில், நித்திரை கொண்டு எழும்பிப் போங்கள்.

மற்றது சீனி வருத்தம். சீனி இருந்தால் லொறி ஓட்ட முடியாது என்பது பொய்க் கதை. இன்சுலின் போடுபவர்கூட ஓட்டலாம். ஆனால் சீனியை அளந்து பதிந்த ஆறு வாரக் கணக்கு மீற்றரில் இருக்க வேண்டும், கடந்த ஒரு வருடத்தில் சீனி இறங்கி மற்றவர் உதவி தேவைப்படும் நிலை வந்திருக்கக் கூடாது, வருடா வருடம் பரிசோதனையும் உண்டு. கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும். வருத்தத்தை மறைத்துப் படிவம் நிரப்புவதைவிட மடைத்தனம் வேறில்லை. ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கிண்டுவது அதைத்தான்.

எல்லாம் சரியாக இருந்தால் மூன்று வாரத்தில் புதுக் கார்ட் வரும் என்கிறார்கள். எனக்கு இரண்டாம் முறை ஐந்து வாரம் எடுத்தது. வருத்தம் எதையாவது எழுதியிருந்தால் இன்னும் இழுபடும். உங்கள் கார் லைசன்ஸையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதால், இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. எழுத்துப் பரீட்சைகள்: மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்

தற்காலிக அனுமதி வந்ததும் பதியலாம். லைசன்ஸும் சிபிசியும் சேர்த்து மொத்தம் நாலு பகுதி. முதற் பகுதியில் இரண்டு துண்டு. 100 கேள்விகளுக்கு விடை தெரிவு செய்வது, ஒரு மணி 55 நிமிடம், 85 எடுக்க வேண்டும், கட்டணம் 26 பவுண்ட். மற்றது ஹசார்ட் பெர்செப்ஷன், அதாவது வீடியோவில் ஆபத்து உருவாவதைக் கண்டு கிளிக் பண்ணுவது. 19 வீடியோ, 100க்கு 67, கட்டணம் 11 பவுண்ட். எதை முதலில் செய்தாலும் சரி, ஒன்றைப் பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் மற்றதையும் முடிக்க வேண்டும்.

நான் ஹசார்டில்தான் முதல் தடவை விழுந்தேன். பயத்தில் படபடவென்று அடித்தேன். ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அந்த வீடியோவுக்கு முழுப் பூச்சியம்.

இரண்டாம் பகுதி கேஸ் ஸ்டடி, 23 பவுண்ட். ஏழு சம்பவங்களைத் தந்து 50 கேள்வி கேட்பார்கள், 40 எடுக்க வேண்டும். ஒன்றே கால் மணி நேரம். இது சிபிசிக்காக எழுதுவது. பலர் லைசன்ஸ் எடுத்துவிட்டு, அப்புறம் சிபிசி பார்க்கலாம் என்று விடுகிறார்கள். விடாதீர்கள். தியரிக்குப் படிக்கும் அதே சூட்டோடு இதையும் எழுதிவிடலாம், பாடம் பாதி ஒன்றுதான். இதைப் பாஸ் பண்ணாமல் நாலாம் பகுதிக்கு நாள் எடுக்கவும் முடியாது.

மூத்த அண்ணைமார் சிலர், நாங்கள் தமிழில் கேட்டுத்தானே தியரி பாஸ் பண்ணினோம், நீயும் தமிழில் போடு என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முன்பு காதில் மாட்டித் தமிழில் கேட்கும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், மொழிபெயர்ப்பாளரும் கூட வர முடியாது. ஆங்கிலம் தடுமாறினால் கேள்வி வங்கியை மூன்று மாதம் தினம் அரை மணி நேரம் செய்யுங்கள். வரும் சொற்கள் திரும்பத் திரும்ப அதே இருநூறு முந்நூறுதான். நான் கல்லாவில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் செய்தேன்.

பதிவை அரசாங்கத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். கூகிளில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் 26 பவுண்ட் பரீட்சைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, நீங்களே செய்யக்கூடியதைத்தான் செய்து தருகின்றன. நாள் மாற்ற வேண்டுமென்றால் மூன்று முழு வேலை நாளுக்கு முன் மாற்றுங்கள், இல்லையென்றால் கட்டணம் போச்சு.

4. பயிற்சிப் பள்ளிக்குக் காசு கட்டுவது

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மெடிக்கலுக்கும் முன்னாலேயே ஒரு நிறுவனத்துக்குப் போன் பண்ணினேன். இனிக்க இனிக்கக் கதைத்தார்கள். எல்லாம் அடங்கிய பொதி, இன்றைக்குக் கட்டினால் தள்ளுபடி, 750 முற்பணம். கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களிடம் சொந்தமாக ஒரு லொறியும் இல்லை. ஆளைப் பிடித்து வேறு பள்ளிக்கு அனுப்பும் தரகர்கள். சின்ன எழுத்தில் ஆறு மாதத்துக்குள் பயிற்சி முடிக்க வேண்டும், முற்பணம் திரும்பாது என்று இருந்தது. என் டி4 திரும்பி வந்து, ஹசார்ட் ஒருமுறை விழுந்து, எல்லாம் முடிந்தபோது ஏழாம் மாதம்.

எழுத்துப் பரீட்சைகள் முடிந்த பிறகு பள்ளிக்குப் போங்கள். நேரில் போங்கள். முற்றத்தில் லொறி நிற்கிறதா, பயிற்சி தருபவர் அங்கேயே வேலை செய்கிறாரா என்று வடிவாகப் பாருங்கள். வண்டியில் உங்களோடு இன்னொரு மாணவரும் இருப்பாரா என்று கேளுங்கள், இரண்டு பேர் என்றால் நாலு நாள் பயிற்சி உண்மையில் இரண்டு நாள்தான். பரீட்சை நாளுக்கு லொறி வாடகை அடக்கமா, விழுந்தால் மறுபடி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் முறை நான் போன பள்ளியில் நாலு நாள் தனிப் பயிற்சி, பரீட்சை நாள் லொறியோடு 1,650 பவுண்ட். அரசாங்கப் பரீட்சைக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தே வார நாளில் 270தான் வரும். மிச்சம் யாராவது எதையாவது கட்டணம் என்று சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

5. மூன்றாம் பகுதி: ஓட்டப் பரீட்சை

இரண்டு துண்டு. முதலாவது முற்றத்தில், 40 பவுண்ட். எஸ் வடிவில் றிவேர்ஸ் எடுத்து கோன்களுக்கு நடுவே பெட்டிக்குள் விட வேண்டும். ட்ரெய்லர் என்றால் கழற்றிப் பூட்டியும் காட்ட வேண்டும்.

என்னைப் பழக்கியவர் ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர். முதல் நாள் எட்டுத் தடவை கோனைத் தட்டினேன். ஒன்பதாம் தடவை லொறியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து வலப்பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் விரலை வைத்தார். பின் சில்லு தார் வீதியைத் தொடும் இடம் அங்கே தெரிந்தது. வண்டியைப் பார்க்காதே, கோனைப் பார்க்காதே, அந்தச் சில்லு எங்கே போகிறது என்று மட்டும் பார் என்றார். ஸ்டியரிங்கை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஆள் நடக்கும் வேகத்தில் விட்டேன். லொறி தானாகப் போய்ப் பெட்டிக்குள் இருந்தது.

அடுத்தது வீதியில், வார நாளில் 115 பவுண்ட், மாலையிலும் சனி ஞாயிறிலும் 141. சிறு பிழை 15 வரை விடுவார்கள், பெரும் பிழை ஒன்று போதும் வீட்டுக்குப் போக. தொடக்கத்தில் வண்டியின் பாதுகாப்பு பற்றிக் கேள்வி வரும். டயர் ஆழம் காருக்கு 1.6 மில்லிமீற்றர், லொறிக்கு 1 மில்லிமீற்றர், கார் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள்.

நான் முதல் தடவை விழுந்தது ரவுண்டபவுட்டில். இடப்பக்கம் வந்த சைக்கிள்காரனைக் கண்டேன், கண்டதைப் பரீட்சகருக்குக் காட்டவில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போது கண்ணை மட்டும் அசைத்தால் அவருக்குத் தெரியாது, தலையைத் திருப்புங்கள்.

6. நாலாம் பகுதி: சிபிசியின் செய்முறைப் பரீட்சை

55 பவுண்ட், மாலையிலும் வார இறுதியிலும் 63. ஓட்டத் தேவையில்லை, லொறியைச் சுற்றி நடந்து விளக்கிச் சொல்ல வேண்டும். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி, எதிலும் 15க்குக் குறையக் கூடாது, மொத்தம் 80 வேண்டும். சுமை கட்டுவது, வண்டியைச் சுற்றிச் சோதிப்பது, அவசர நிலை, உடம்பில் அடிபடாமல் வேலை செய்வது, களவாக ஆட்கள் ஏறாமல் தடுப்பது.

அந்தக் கடைசித் தலைப்பில் பரீட்சகர், லொறியின் பின்பக்கம் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார். சீல், கயிறு, கூரைத் துணியில் வெட்டு, அடிப்பக்கம் என்று ஒப்புவித்தேன். 2000ல் இந்த நாட்டுக்கு நான் எப்படி வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. 20க்கு 20 போட்டார். ஒளிந்து வரும் ஒரு ஆளுக்கு 10,000 பவுண்ட் வரை தண்டம் போகலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அதற்குப் புள்ளி உண்டு.

7. இரண்டு கார்ட்

நாலு பகுதியும் முடிந்தால் சிபிசி கார்ட் லைசன்ஸில் உள்ள விலாசத்துக்கு வரும். வீடு மாறியிருந்தால் முதலே விலாசத்தை மாற்றுங்கள். அந்தத் தகுதி இல்லாமல் சம்பளத்துக்கு ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை தண்டம், கார்ட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் 50.

மற்றது டாக்கோ கார்ட், ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவிக்குள் போடுவது. 32 பவுண்ட். பாஸ் பண்ணிய அன்றே விண்ணப்பியுங்கள். என்னிடம் இது இல்லாததால் முதல் வேலை ஒரு கிழமை தள்ளிப்போனது.

8. முதல் வேலை

இரண்டு வருட அனுபவம் கேட்கும் இடங்கள்தான் அதிகம். இன்சூரன்ஸ்தான் காரணம். கிறிஸ்மஸுக்கு முன் ஒக்ரோபர், நவம்பரில் ஏஜென்சிகள் புது ஆட்களையும் எடுக்கும், லைசன்ஸை அந்தக் கணக்கில் முடியுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஓட்டும் நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. பிரித்து எடுப்பதென்றால் முதலில் 15, பிறகு 30, மாற்றி எடுத்தால் செல்லாது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10.

சில ஏஜென்சிகள் சுயதொழில் என்று எழுதித் தரச் சொல்லும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குச் சுயதொழில் அனுமதி இல்லை, கையெழுத்துப் போட்டால் பிரச்சினை விசாவுக்குத்தான்.

காரின் சற்நாவை, அதாவது வழிகாட்டும் கருவியை, லொறிக்குள் வைக்காதீர்கள். அதற்குப் பாலத்தின் உயரம் தெரியாது. ஏறும்போதே வண்டியின் உயரத்தைப் பார்த்து மனதில் எழுதுங்கள், 3 மீற்றருக்கு மேற்பட்ட வண்டியில் அது சாரதிக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

9. பஸ், கோச் பக்கம் போகிறவர்களுக்கு

படிகள் இதேதான், படிவமும் மெடிக்கலும் ஒன்றுதான், கேள்விகள் பயணிகளைப் பற்றி வரும். ஆனால் நீங்களாகக் காசு கட்டிப் படிப்பதற்கு முன் லண்டன் பஸ் கொம்பனிகளைப் பாருங்கள். சம்பளமும் தந்து, பயிற்சியும் தந்து எடுக்கிறார்கள். என் மச்சான் அப்படித்தான் போனார், ஒரு பென்ஸும் செலவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள், அந்தக் காலம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். டி லைசன்ஸ் கையில் வந்த பிறகு கோச்சுக்கு மாறுவது சுலபம்.

10. ஐந்து வருடக் கணக்கு

லொறி, பஸ் அனுமதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 45 வயதிலிருந்து ஒவ்வொரு முறையும் டி4 மெடிக்கல், 65க்குப் பிறகு வருடா வருடம். சிபிசிக்கும் ஐந்து வருடத்துக்குள் 35 மணி நேர வகுப்பு. லொறியும் பஸ்ஸும் வைத்திருந்தால் ஒரே 35 போதும், இரண்டு தடவை செய்ய வேண்டாம்.

2024 டிசம்பரிலிருந்து இதில் இரண்டு வழி. பிரித்தானியாவுக்குள் மட்டும் ஓட்டுபவர் மூன்றரை மணி நேரத் துண்டுகளாக முடிக்கலாம். ஐரோப்பாவுக்குப் போகிறவர் ஏழு மணி நேர வகுப்புகளாகத்தான் செய்ய வேண்டும். பிரான்சின் கலே துறைமுகப் பக்கம் ஓட்டம் கிடைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் ஏழு மணி வகுப்பிலேயே இருங்கள்.

வருடத்துக்கு ஒரு நாள் என்று செய்யுங்கள். எங்கள் லொறி முற்றத்தில் ஒருவர் ஐந்தையும் கடைசிக் கிழமைக்கு வைத்திருந்து, மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். கார்ட் முடிந்த திங்கட்கிழமை, லொறி நின்றது, அவர் ஸ்டோரில் பெட்டி அடுக்கினார்.